காவடிக்கு ஆண்டுக்கணக்கு உண்டு, உங்கள் ஓட்டத்துக்கு?

கேள்வி: நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 41. அம்மா டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த மையத்துக்காக 2018இல் நன்கொடை ஓட்டங்களில் ஓடத் தொடங்கினேன். 2023இல் அம்மா தவறிவிட்டார். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. போன வருஷம் மட்டும் ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று ஐந்து ஓட்டங்கள். ஆணியில் 14 மெடல் தொங்குகிறது. ஆனால் இப்போது காலணியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. வாரம் ஐந்து நாள், விடிகாலை ஐந்து மணிக்கு, கோயிலிலிருந்து தோட்டச் சாலை வழியாக 6 கி.மீ. ஓடுகிறேன். 43 நிமிடம் என்ற கணக்கை விடாமல் காத்துவருகிறேன். அப்படியும் 2019இல் 1 மணி 9 நிமிடத்தில் முடித்த 10 கி.மீ., போன வருஷம் 1 மணி 18 நிமிடம் ஆகிவிட்டது. 2019இல் 63 பேர் 4,200 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்கள். போன வருஷம் 41 பேர், 1,950 வெள்ளி. கூட ஓடிய ஒன்பது பேரில் மூன்று பேர்தான் மிச்சம். நிறுத்தினால் அம்மாவைக் கைவிட்டதுபோல் இருக்கிறது. பழைய ஊக்கம் திரும்ப என்ன செய்யலாம்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தில் கணக்குகளை இவ்வளவு துல்லியமாக எழுதியதற்கு முதலில் நன்றி. பதிலில் பாதி அந்தக் கணக்குகளிலேயே இருக்கிறது. நீங்கள் ‘ஊக்கம் போய்விட்டது’ என்று ஒரே சொல்லில் சொல்வது மூன்று தனித்தனிச் சோர்வு. ஒன்று உடம்பின் சோர்வு. இன்னொன்று, திரும்பத் திரும்பப் பணம் கேட்கும் சோர்வு. மூன்றாவது, முடிவு தெரியாத ஒரு வேண்டுதலைச் சுமக்கும் சோர்வு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஊக்கமூட்டும் காணொளி எதுவும் இவற்றில் ஒன்றைக்கூடத் தீர்க்காது.

உடம்பிலிருந்து தொடங்குவோம், அதுதான் சுலபம். 6 கி.மீ. 43 நிமிடம் என்றால் ஒரு கி.மீ.க்கு 7 நிமிடம் 10 வினாடி. போன வருஷப் போட்டியில் 10 கி.மீ.க்கு 1 மணி 18 நிமிடம் என்றால் ஒரு கி.மீ.க்கு 7 நிமிடம் 48 வினாடி. பாருங்கள், உங்கள் தினசரிப் பயிற்சி போட்டியைவிட வேகமாக இருக்கிறது! தினமும் பரீட்சை எழுதிவிட்டு, பரீட்சை நாளன்று ஏன் கை ஓடவில்லை என்று கேட்கும் மாணவனை உங்கள் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த மாணவர் நீங்கள்தான்.

பயிற்சி ஓட்டத்தில் பெரும்பகுதி, முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். இப்போதைய நிலையில் உங்களுக்கு அது ஒரு கி.மீ.க்கு எட்டரையிலிருந்து ஒன்பது நிமிடம், அதாவது 6 கி.மீ.க்கு 51 முதல் 54 நிமிடம். முதல் வாரம் வெட்கமாக இருக்கும், நடப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள், இருக்கட்டும். நம் ஊர் விடிகாலையில் குளிர்ச்சி இருந்தாலும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை காயாமல் வழிந்தோடும், உடம்புச் சூடு வெளியேறாது. அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். 41 வயதுக்கு அதிகபட்சத் துடிப்பைத் தோராயமாக 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்துக் கணக்கிடலாம். உங்களுக்கு 179 வரும். நிதான ஓட்டத்தில் கைக்கடிகாரம் 135ஐத் தாண்டிக் காட்டினால் நடையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வேகத்தைக் குறைப்பதற்கு முன்னால் ஒரு வேலை: ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, ஃபெரிட்டின் அளவையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கினால்தான் ரத்தசோகை என்று எழுதுவார்கள். ஆனால் சேமிப்பு அதற்கு முன்பே காலியாகத் தொடங்கிவிடும். ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் ‘ரத்தசோகை இல்லை’ என்று அறிக்கை சொன்னாலும் மேட்டில் கால் இரும்பாகக் கனக்கும். நாற்பதை ஒட்டிய வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போகும் பெண்களிடம் இது சர்வசாதாரணம். பரிசோதனைக்கு முந்தின நாள் கடுமையாக ஓடாதீர்கள். காய்ச்சலோ சளியோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். இரண்டுமே ஃபெரிட்டினைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டி ஏமாற்றும். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் பசியாறும்போது தே தாரிக்கோடு விழுங்க வேண்டாம். தேநீர் இரும்பை உறிஞ்சவிடாது. ஒரு மணி நேர இடைவெளி விட்டு, கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள். அளவு பார்க்காமல் மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுவதும் வேண்டாம். கூடினாலும் கேடுதான்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஐந்து மணி ஓட்டத்துக்கு நாலே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். பாடக்குறிப்பு, புத்தகம் திருத்துவது என்று பதினொரு மணிக்குப் படுத்தால் ஐந்தே முக்கால் மணி நேரம்தான் தேறும். அந்தத் தூக்கத்தில் எரிச்சல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இனி பணம். உண்மையான முடிச்சு இங்கேதான் என்பது என் கணிப்பு.

ஒரு காகிதத்தை எடுத்து போன வருஷச் செலவை எழுதுங்கள். ஐந்து ஓட்டத்துக்குப் பதிவுக் கட்டணம், பெட்ரோல், டோல், பினாங்கில் ஒரு இரவுத் தங்கல், சாப்பாடு, குழு டீசட்டை. ஓட்டம் ஒன்றுக்கு 70 வெள்ளி கட்டணம் என்றே வைத்தாலும் அதுவே 350. மற்றவை சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டுவது சுலபம். திரட்டியது 1,950. இந்தக் கணக்கைப் போடச் சொல்வது உங்களைக் குறை சொல்ல அல்ல, செலவு உங்கள் சொந்தப் பணம் என்று தெரியும். ஆனால் மனசு இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் ஏற்கெனவே போட்டுவிட்டது. எரிச்சலில் ஒரு பங்கு அதுதான்.

கொடுப்பவர்கள் ஏன் குறைந்தார்கள்? மனிதர்கள் கல்நெஞ்சக்காரர்களாகிவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்து ஓட்டத்துக்கு ஐந்து முறை, அதே பேருக்கு, அதே வாசகம், அதே மாதிரிப் படம். மூன்றாவது முறையிலிருந்து மக்கள் செய்தியைத் திறக்காமலே தள்ளிவிடுவார்கள். பிறகு சந்தையில் உங்களைப் பார்த்தால் குற்ற உணர்ச்சியில் முகத்தைத் திருப்புவார்கள். அதை நீங்கள் ‘என்னைத் தவிர்க்கிறார்கள்’ என்று எடுத்துக்கொள்வீர்கள். குழுவில் ஆறு பேர் விலகியதற்கும் இதில் பங்கிருக்கலாம். ஓடுவதில் களைத்தவர்களைவிட, ஓடினால் உறவினரிடம் கை நீட்ட வேண்டுமே என்று கூசியவர்கள் அதிகமாக இருக்கக்கூடும். விலகியவர்களில் இரண்டு பேரிடம் நேரில் கேட்டுப்பாருங்கள்.

ஆகவே ஓட்டத்தையும் வசூலையும் பிரித்துவிடுங்கள். வழி இதோ: 20 பேர், மாதம் 10 வெள்ளி, வங்கிச் செயலியிலிருந்து தானாகவே மையத்தின் கணக்குக்குப் போகும் ஏற்பாடு. ஆண்டுக்கு 2,400 வெள்ளி. ஒரு கி.மீ.கூட ஓடாமல் போன வருஷத்தைவிட 450 வெள்ளி கூடுதல். கொடுத்த 41 பேரில் பாதிப்பேர் சம்மதித்தால் முடிந்தது.

குழுவில் பொதுச்செய்தி போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அண்ணா, அக்கா, சார் என்று நீங்கள் வழக்கமாகக் கூப்பிடுகிறபடி எழுதுங்கள். இப்படி:

‘அண்ணா, வணக்கம். இனி ஓட்டத்துக்கு ஓட்டம் காசு கேட்கப்போவதில்லை. மாதம் 10 வெள்ளி நேராக டயாலிசிஸ் மையத்தின் கணக்குக்குப் போகிற மாதிரி 20 பேரைச் சேர்க்கிறேன். இரண்டு வருஷத்துக்கு. முடியும் என்றால் சரி என்று மட்டும் போடுங்கள், மையத்தின் கணக்கு விவரம் அனுப்புகிறேன். முடியாவிட்டால் பதிலே வேண்டாம். மறுபடி கேட்கமாட்டேன்.’

கடைசி இரண்டு வாக்கியங்களை வெட்டிவிடாதீர்கள். மறுக்க வழி விட்டால்தான் மனிதர்கள் மனசோடு சம்மதிப்பார்கள். உறவும் கெடாது.

இதில் தவறும் இடங்கள் மூன்று. முதலாவது, பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வருவது. நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஒரு நாள் ஒரு வாய் பேசும். மையம் வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்றிருந்தால் கொடுப்பவருக்கு வரிக்கழிவு ரசீதும் உண்டு. மையத்துக்கு நேராகப் போனால்தான் அந்த ரசீது அவர் பெயரில் வரும். மையத்திடம் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, தானியங்கி ஏற்பாடுகள் சத்தமில்லாமல் நின்றுபோவது. கணக்கில் பணம் குறைந்தாலோ வங்கி மாறினாலோ அப்படி ஆகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மையத்திடம் எத்தனை வரவு வந்தது என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பெயர்கள் வேண்டாம். மூன்றாவது, உற்சாகத்தில் யாராவது பசார் மாலாம் இரவுச் சந்தையில் உண்டியல் குலுக்கலாம் என்பார்கள். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் இறங்காதீர்கள்.

கேட்கும்போது ‘நல்ல காரியத்துக்கு’ என்று பொதுவாகச் சொல்வதும் பலன் தராது. ஒரு நோயாளிக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு முறைக்கு உதவித்தொகைகள் போக நோயாளி கையிலிருந்து எவ்வளவு விழுகிறது என்று மையத்திடம் விசாரியுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்துப் பேசுங்கள்: ‘உங்கள் பணத்தில் இந்த வருஷம் இத்தனை முறை.’ அதை டிசம்பரில் ஒரே ஒருமுறை எல்லாருக்கும் தெரிவியுங்கள்.

மெடலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்ட ஓர் ஆய்வை ஆசிரியையான நீங்கள் பயிற்சிக் கல்லூரியிலேயே கேள்விப்பட்டிருக்கலாம். படம் வரைவதில் தானாகவே ஆசை உள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துச் சும்மா விட்டபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாதியாகக் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை. உங்கள் ஓட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து சான்றிதழ். போதாததற்கு 43 நிமிடம் என்ற தினசரி மதிப்பெண் வேறு. மெடல்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆணியிலிருந்து இறக்கி, கண்ணில் படாத ஒரு பெட்டியில் எட்டு வாரம் வைத்துப்பாருங்கள்.

நன்கொடை ஓட்டங்களுக்கெல்லாம் முன்மாதிரியாகச் சொல்லப்படும் டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர். 1980இல் கனடாவில் 143 நாளில் 5,373 கி.மீ. ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிறுத்தினார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்களில் இன்றைக்கும் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. கோலாலம்பூரிலும் நடத்தியிருக்கிறார்கள். அவர் நிறுத்தியதை யாரும் கைவிட்டதாகச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது அம்மாவின் விஷயம். இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சுற்றிவளைத்தால் உதவாது. ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்க வேண்டிக்கொள்பவர்கள் ‘மூன்று வருஷம் எடுக்கிறேன்’, ‘ஐந்து வருஷம்’ என்று கணக்குச் சொல்லித்தான் வேண்டுவார்கள். கடைசி வருஷம் எடுத்து முடித்து, மாலை கழற்றி, நிறைவாக வீட்டுக்கு வருவார்கள். விட்டுவிட்டான் என்று யாரும் பேசமாட்டார்கள். நேர்த்தி நிறைந்தது என்பார்கள். நீங்கள் 2018இல் வேண்டுதல் வைத்தபோது ஆண்டுக்கணக்குச் சொல்லவில்லை. அம்மா குணமாகி வரும்வரை என்பதே உள்ளே இருந்த கணக்கு. அது 2023இல் வேறு மாதிரி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் முடிவில்லாத காவடியாகத் தோளில் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குச் சொல்லுங்கள். என் யோசனை: இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு ஒரே ஓட்டம். அதற்கு மேல் இந்த வேண்டுதலின் பெயரில் ஒரு ஓட்டமும் இல்லை. மாதப் பணத்தின் இரண்டு வருஷமும் இதோடு ஒத்துப்போகும். அம்மாவின் திதி வரும் மாதத்தில் ஓட்டம் வைக்காதீர்கள். அன்றைக்கு மூச்சு வாங்குவது எதனால் என்று உடம்புக்குப் பிரித்தறியத் தெரியாது. காகிதத்தில் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

எட்டு வாரத்துக்கான ஏற்பாடு இது. முதல் இரண்டு வாரம் கடிகாரம் இல்லை, வாரம் மூன்று நாள், 20 நிமிடம். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இரண்டு வாரத்தில் திறன் போய்விடுமே என்று பயம் வரும். நடையும் ஓட்டமுமாக உடம்பு அசைந்துகொண்டிருந்தால் அவ்வளவு சீக்கிரம் போகாது. மூன்றாவது வாரத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் 30 நிமிடம் நிதான ஓட்டம். வியாழன்று மட்டும் கடைசியில் 20 வினாடி வேக ஓட்டம் ஆறு, நடுவில் மூச்சு அடங்கும்வரை நடை. ஞாயிறு நீள ஓட்டம், 50 நிமிடத்தில் தொடங்கி ஆறாவது வாரத்துக்குள் 70 நிமிடம். ஏழு, எட்டாவது வாரங்களில் வியாழன்று ஐந்து நிமிடச் சுறுசுறுப்பான ஓட்டம் நான்கு, நடுவில் இரண்டு நிமிட நடை. அவ்வளவுதான். உடம்பு மறுக்கிற நாளில் பத்து நிமிடம் மட்டும் போய்ப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம். அது பயிற்சியாகவே கணக்கு.

நேரத்தையும் மாற்றுங்கள். ஐந்து மணி இருட்டு உங்களுக்குச் சலித்துவிட்டது, பாதுகாப்பும் இல்லை. குலை ஏற்றும் லாரிக்காரர் அந்த நேரத்தில் ஆளை எதிர்பார்ப்பதில்லை. செம்பனை மட்டையின் அடித்தண்டில் இருக்கும் முள் காலணியின் அடிப்பாகத்தையே துளைக்கும். உதிர்ந்த பழத்தை மிதித்தால் வழுக்கும். எலி தேடி வரும் பாம்பும் நாய்க் கூட்டமும் வேறு. மாலை ஆறு மணிக்குப் பள்ளித் திடலில் இறங்கினால் வெளிச்சம் ஏழு மணி வரை இருக்கும், கூட ஆளும் இருக்கும். இடி கேட்டால் உடனே உள்ளே. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மின்னல் நம் பக்கம் மோசம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓட வேண்டாம். வீட்டுக்குள் படி ஏறுங்கள், அல்லது சும்மா இருங்கள். நீள ஓட்டத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகலாம். பெருமரங்களின் நிழலில் 70 நிமிடம் ஓடியது தெரியாது. குடையை மறக்காதீர்கள், தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எரிச்சல் தரும் அந்தக் காலணியைப் புரட்டிப் பாருங்கள். வாரம் 30 கி.மீ. ஓடுகிறவருக்கு, ஒரு ஓட்டக் காலணி உழைக்கும் 500 முதல் 800 கி.மீ. என்பது நாலைந்து மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். நடு மெத்தையில் குறுக்குச் சுருக்கம் விழுந்திருந்தாலோ, மேசையில் வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தாலோ அது முடிந்துவிட்டது. பழைய காலணியில் ஓடிய மறுநாள் முழங்கால் முணுமுணுப்பதைத்தான் பலர் சோம்பல் என்று பெயர் வைக்கிறார்கள்.

விலகிய ஆறு பேரை ஓடக் கூப்பிடாதீர்கள். தண்ணீர் மேசைக்கும் நேரம் குறிக்கவும் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று செவ்வாய்க்கிழமை திடலோரம் நின்றால் யாராவது ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று வருவார்.

எட்டு வாரம் முடிந்து, ரத்தமும் தூக்கமும் சரியாகி, வசூல் பாரமும் இறங்கிய பிறகும் ஓடத் தோன்றவில்லை என்றால் ஓட்டத்தை விட்டுவிடுங்கள், மாதப் பணம் தொடரட்டும். மையத்துக்குத் தேவை அதுதான். ஆனால் ஓட்டம் மட்டுமல்லாமல் சமையல், பள்ளி, பிள்ளைகள் என்று எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் மனசு ஒட்டவில்லை, பசியும் தூக்கமும் மாறிவிட்டன என்றால் எட்டு வாரம் காத்திருக்காதீர்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) அந்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதே அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். துக்கம் இப்படியும் வரும்.

ஊரில் நிச்சயம் கேட்பார்கள், ‘என்ன டீச்சர், இந்த வருஷம் ஓடலையா?’ என்று. விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். ‘இந்த வருஷம் ஒரே ஓட்டம்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திடலுக்கு வாங்க, தண்ணீர் மேசைக்கு ஆள் வேணும்’ என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள்.